அத்தாயிக்கு ஆகாத பால்

வீட்டில் யாரோ குழந்தைக்குப் பால் கொடுக்கிறார்கள். பாவாயிக்கு அதில் துளியும் ஐயமில்லை. அது யார் என்பதும் அவளுக்குத் தெரியும். கையும் களவுமாகப் பிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அன்று காலை தொட்டிலை விலக்கிப் பார்த்தபோது அத்தாயி துணியெல்லாம் கக்கி வைத்துக்கொண்டு கிடந்தாள். ஐந்து மாதக் குழந்தை. கொஞ்ச நாள் முன்புவரை குரல் கேட்ட பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தவள். இப்போது கண்ணின் வெள்ளையில் பழைய மஞ்சள் திரும்பியிருந்தது. வயிறு உப்பியிருந்தது. பாவாயி கக்கின துணியை எடுத்து மோந்து பார்த்தாள். நிலக்கடலை வாடைதான் அடித்தது, பால் வாடை இல்லை. அதற்காக அவள் சமாதானம் ஆகிவிடவில்லை. கள்ளத்தனமாகக் கொடுக்கிறவள் வாடை தெரியும்படியா கொடுப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக் கட்டுத்தரைக்குப் போனாள். அவளுடைய ஓரகத்தி குப்பாயி, எருமையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தாள்.

"ஏன் பாவாயி, புள்ள சொணங்கிக் கெடக்கறா?"

"உங்களுக்குத் தெரியாதுங்களாக்கா?"

குப்பாயியின் கை நின்றது. "எனக்கெப்புடித் தெரியும்?"

அத்தாயி தோளில் கிடந்தபடி ஈனமாக அழுதாள். பாவாயியின் கண் குப்பாயியின் மாராப்பில் போய் நின்றது. குழந்தை அழ அழ அங்கே ஈரம் பரவியது. குப்பாயி சட்டென்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். பாவாயி திரும்பி வந்துவிட்டாள். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே இருந்த அந்தத் தோட்டத்து வீட்டில் அண்ணன் தம்பி இருவர் குடும்பமும் ஒரே அடுப்பில் சோறாக்கித் தின்றன. மூத்தவன் அப்புசாமி, அவன் மனைவி குப்பாயி. இளையவன் அர்த்தநாரி, அவன் மனைவி பாவாயி. மாமனார் மாமியார் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த மாமியார் பாவாயிக்குச் சொந்த அத்தை, அப்பாவின் கூடப் பிறந்தவள். அதனால் பாவாயி அந்த வீட்டுக்கு உரிமைக்காரியாகவே வந்தாள். குப்பாயி பள்ளிபாளையத்துப் பக்கத்திலிருந்து அசலில் எடுத்த பெண்.

அசலில் வந்தவளுக்கு மூன்று பையன்கள். மூன்றும் உருட்டிவிட்ட கல் மாதிரி திரிந்தன. கடைக்குட்டி அத்தாயியைவிடச் சில மாதம் மூத்தவன், இன்னும் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தான். உரிமையில் வந்தவளுக்கோ முதல் இரண்டும் ஒரு மாதம் தாண்டவில்லை. பிறக்கும்போது இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. நாலைந்து நாள் பால் குடித்ததும் வாந்தி, அப்புறம் மஞ்சள், அப்புறம் வயிற்று வீக்கம், அப்புறம் கண் திறக்காத தூக்கம். காமாலை என்று மந்திரித்தார்கள், தழை அரைத்து ஊற்றினார்கள். ஒன்றும் நிற்கவில்லை.

இரண்டுக்கும் பிறந்தவுடன் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரால் சேனை தொட்டு வைத்தவள் குப்பாயிதான். அது பாவாயியின் மனதில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. வெளியே சொல்லவில்லை. மூன்றாவது பிறந்தபோது, பிரசவக் களைப்பிலும் எழுந்து உட்கார்ந்து, சர்க்கரைத் தண்ணீரைத் தன் விரலாலேயே தொட்டு வைத்தாள். அப்படியும் ஆறாம் நாள் அத்தாயி வாந்தி எடுத்தாள். சர்க்கரையைக் கரைத்து வைத்தவள் யார் என்று பாவாயி அப்போது யோசித்துப் பார்த்தாள். அதுவும் குப்பாயிதான்.

இந்தத் தடவை அர்த்தநாரி யாரையும் கேட்கவில்லை. தாயையும் பிள்ளையையும் பஸ் ஏற்றிச் சேலத்துக்குக் கூட்டிப் போனான். அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் இசபெல்லா என்ற டாக்டரம்மா இருந்தார். செவ்வாய்ப்பேட்டைக்காரர், வேலூரில் படித்தவர். அதிகம் பேசமாட்டார். குழந்தையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். கண்மணியில் மெல்லிய புகை படிந்திருந்தது. பிறகு குழந்தையின் மூத்திரத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் இருந்த நீலத் தண்ணீரில் சில சொட்டு விட்டுச் சூடு காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது.

"சர்க்கரை போகுது," என்றார். "ஆனா இது நீரிழிவுச் சர்க்கரையான்னு பாக்கணும்."

மடத்துச் சமையலறையில் ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்டில் கொஞ்சம் வாங்கி வந்து, இன்னொரு குழாயில் மூத்திரத்தோடு கலந்து மூடி வைத்தார். நீரிழிவுச் சர்க்கரையாக இருந்தால் ஈஸ்ட் அதைத் தின்றுவிடுமாம். மறுநாள் பார்த்தால் சர்க்கரை அப்படியே இருந்தது. டாக்டரம்மா பாவாயியைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார்.

"உன் குழந்தைக்குப் பால் ஆகலம்மா."

"எம்பாலுங்களா?"

"உன் பால் மட்டுமில்ல. எருமைப்பால், மாட்டுப்பால், ஆட்டுப்பால், எதுவுமே ஆகாது. பால்ல ஒரு சர்க்கரை இருக்கு. நம்ம உடம்பு அதை வேற சர்க்கரையா மாத்தி எடுத்துக்கும். இவ உடம்புக்கு அந்த வேலை செய்யத் தெரியல. மாறாத சர்க்கரை ரத்தத்துல தேங்கி ஈரலைக் கெடுக்குது, கண்ணைக் கெடுக்குது. பாலை நிறுத்தினா பிழைச்சுக்குவா. வேற மருந்து கிடையாது."

பாவாயி குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "ஆராச்சும் எதாச்சும் வெச்சிருந்தாலும் இப்புடி ஆகுமுங்களா?"

"யாரும் எதுவும் வைக்கல. பிறவியிலயே வர்றது. நீயும் உன் வீட்டுக்காரரும் சொந்தமா?"

"அத்தை பையனுங்க."

"உங்க ரெண்டு பேர்கிட்டயும் இந்தக் குறை பாதிப் பாதியா ஒளிஞ்சிருக்கு. பாதி இருந்தா ஒண்ணும் செய்யாது. ரெண்டு பாதியும் ஒரே குழந்தைக்கு வந்து சேர்ந்தா இப்படி. முன்னாடி போன ரெண்டும் இதுலதான் போயிருக்கும்."

இந்தப் பேச்சு பாவாயிக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த வயிற்றெரிச்சலுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஆளே கிடையாது, உன் ரத்தமும் உன் புருஷன் ரத்தமும்தான் என்றால் யாரைப் போய்க் கேட்பது? அப்புசாமி வேறு ஆஸ்பத்திரிக்கு வந்து, "பெத்தவ பாலை வெசம்னு சொல்ற டாக்டர எந்தூர்ல பாத்திருக்கறீங்க?" என்று தம்பியிடம் சத்தம் போட்டுவிட்டுப் போனான். பாவாயிக்கும் டாக்டரம்மா மேல் நம்பிக்கை அரைகுறைதான். ஆனால் பாலை நிறுத்திய இரண்டாம் நாளே வாந்தி நின்றது. மஞ்சள் மெல்ல மெல்ல வடிந்தது. அதை மறுக்க அவளால் முடியவில்லை.

அவளுக்கோ மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடித்தது. நர்ஸ் செல்வமேரி மல்லிகைப் பூவை வாங்கி வந்து மார்பில் வைத்துக் கட்டிவிட்டாள். பக்கத்தில் பிள்ளை பசிக்கு அழும், இங்கே பால் சுரந்து பூவை நனைக்கும். அப்படியே சில நாளில் வற்றிப்போனது.

குழந்தைக்குக் கடலைப் பால் காய்ச்சும் விதத்தைச் செல்வமேரி கற்றுக் கொடுத்தாள். நிலக்கடலையை ஊற வைத்துத் தோலுரித்து, ஆட்டுக்கல்லில் வெண்ணெய் மாதிரி அரைத்து, தண்ணீர் விட்டுத் துணியில் வடிகட்டிக் கொதிக்க வைக்க வேண்டும். அதில் கொஞ்சம் குளுக்கோஸ், கொஞ்சம் நல்லெண்ணெய். வளர வளர அரிசிக் கஞ்சி, முட்டையின் மஞ்சள் கரு. டாக்டரம்மா ஒரு சத்து மருந்தும் கொடுத்தார். "பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், எதுவும் நாக்குல படக்கூடாது," என்று சொல்லி அனுப்பினார்.

எருமைகள் நிற்கிற வீட்டில், ஒரு பிள்ளைக்கு மட்டும் பால் ஆகாது என்றால் யார் நம்புவார்கள்? குப்பாயி நம்பவில்லை. அவள் அதை மறைக்கவும் இல்லை.

"பாலில்லாம வளந்த புள்ள எங்கயாச்சும் உண்டா? கள்ளக்காய அரைச்சு ஊத்தறதுக்கு அது என்ன ஆட்டுக்குட்டியா? பாவம், பாக்கவே சகிக்கல."

"டாக்டரம்மா சொன்னாங்கக்கா."

"அதுக்கும் பாலுன்னுதான பேரு வெச்சிருக்கறீங்க," என்றாள் குப்பாயி.

அன்றிலிருந்து பாவாயி வீட்டுக்குள் காவல்காரி ஆனாள். குழந்தையை இடுப்பை விட்டு இறக்கமாட்டாள். அதற்கென்று தனிச் செம்பு, தனிக் கரண்டி, தனித் துணி. தயிர்ச் சட்டியைத் தொட்ட கையோடு குப்பாயியின் பையன்கள் கிட்டே வந்தால் விரட்டுவாள். காட்டு வேலைக்காரர்களுக்குச் சோறு கொண்டுபோகிற நேரம் மட்டும்தான் அத்தாயியை விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் குழந்தையின் வாயை மோந்து பார்ப்பாள். குப்பாயி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பாள்.

இத்தனைக்கும் குழந்தை தேறித்தான் வந்தது. நான்காம் மாதத்தில் சளி பிடித்தது. கூடவே கடலைப் பாலைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்ளத் தொடங்கினாள். மல்லசமுத்திரம் போஸ்ட்மாஸ்டர் அருணகிரி வேலை முடிந்த நேரத்தில் ஹோமியோபதி பார்ப்பார், காசு வாங்கமாட்டார், கைராசிக்காரர் என்று பேர். அர்த்தநாரி அவரிடம் போய்ச் சளிக்குப் பொடி வாங்கி வந்தான். பாவாயி அதையும் சும்மா விடவில்லை. மறுநாள் அவளே நேரில் போய்க் கேட்டாள்.

"ஏனுங்க, இதுல பாலு கீலு எதாச்சும் சேந்திருக்குதுங்களா?"

"வெள்ளையா இருக்கறதெல்லாம் பாலா? இது சர்க்கரை மாதிரி ஒரு பொடி. மருந்து ஒரு சொட்டு அதுல ஏத்தியிருக்கேன்," என்று சிரித்தார் அவர்.

சளி குறைந்தது. அதைவிடப் பெரிய காரியம், பொடியைக் கலந்து கொடுத்தால் அத்தாயி கடலைப் பாலை மறுக்காமல் குடித்தாள். பாவாயி இன்னும் கேட்டாள். போஸ்ட்மாஸ்டர் ஒரு பாட்டில் நிறையவே கொடுத்துவிட்டார். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கரண்டி போட்டுக் கலக்கினாள். பிள்ளை வயிறு நிறையக் குடித்ததைப் பார்க்க அவளுக்கு மனம் குளிர்ந்தது.

அப்புறம்தான் வாந்தியும் மஞ்சளும் திரும்பின.

கட்டுத்தரையிலிருந்து வந்த பாவாயி அன்று ஒரு தந்திரம் செய்தாள். காட்டுக்குச் சோறு கொண்டுபோகிற மாதிரிக் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, சோளத் தட்டுப் போருக்குப் பின்னால் நின்றுகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அத்தாயி அழுதாள். குப்பாயி உள்ளே போனாள். அழுகை நின்றது. பாவாயி கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

குப்பாயி குழந்தையை மார்போடு அணைத்து முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். முந்தானை நனைந்திருந்தது.

பாவாயி பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். அதன் வாயில் விரலை விட்டுத் துழாவினாள். பிறகு, அத்தனை வருஷமாகத் தொண்டைக்குள் வைத்திருந்ததை எல்லாம் வெளியே கொட்டினாள்.

"ரெண்டைத் தின்னது பத்தலைங்களா உங்களுக்கு? இதையும் அனுப்பிட்டுத்தான் ஓய்வீங்களா? சேனை வெச்ச கைதான அது?"

குப்பாயிக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் முகம் வெளுத்தது. "பாவாயி, நான் தட்டித்தான் குடுத்தேன்," என்றாள். அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை.

சத்தம் கேட்டு அப்புசாமியும் அர்த்தநாரியும் வந்தார்கள். பாவாயி அவர்கள் முன்னாலும் அதையே சொன்னாள். அப்புசாமி மனைவியை ஒரு தடவை பார்த்தான், தம்பியை ஒரு தடவை பார்த்தான். "இனி ஒரே ஊட்ல ஒல வெக்க முடியாது," என்றான். அன்று பொழுது சாய்வதற்குள் அவன் எருமைகளை ஓட்டிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு, தோட்டத்தின் கீழ்க்கோடியில் இருந்த ஓலைக் குடிசைக்கு, சாளைக்குப் போய்விட்டான். குப்பாயி போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பாவாயிக்கு அப்போது பரிதாபம் வரவில்லை. வீடு சுத்தமானது மாதிரி இருந்தது.

மறுநாள் குழந்தையைச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். நீலத் தண்ணீர் மறுபடியும் செங்கல் நிறமானது.

"பால் உள்ள போயிருக்கு," என்றார் டாக்டர் இசபெல்லா. "யார் குடுத்தது?"

"என்ற ஓரகத்திங்க. நானே பாத்தனுங்க."

"சரி. இங்கயே தங்கு. இங்க உன் ஓரகத்தி வரமாட்டா. தன்னால சரியாயிடும்."

கடைசிக் கட்டிலை அவளுக்குக் கொடுத்தார்கள். கடலைப் பாலை ஆஸ்பத்திரிச் சமையலறையிலேயே காய்ச்சி, வேளாவேளைக்குச் செல்வமேரி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். பாவாயி அதைக் குழந்தைக்குப் புகட்டுவாள். அந்நியர் கை படாமல், வீட்டார் கண் படாமல், தாயும் பிள்ளையும் மட்டும். இரண்டு நாளில் தேறிவிடும் என்று அவள் நம்பினாள்.

தேறவில்லை. வாந்தி கொஞ்சம் குறைந்தது, மஞ்சள் குறையவில்லை. தினமும் குழாயில் செங்கல் நிறமே வந்தது. டாக்டரம்மா கட்டிலருகே நிற்கிற நேரம் கூடியது. கேள்விகள் மாறின. சாயங்காலம் யார் பார்க்க வந்தார்கள்? கடைவீதிக்குப் போனாயா? பக்கத்துக் கட்டில்காரி குழந்தையைத் தூக்கினாளா? இல்லை, இல்லை, இல்லை என்றாள் பாவாயி. அப்புறம் டாக்டரம்மா கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டார். அதுதான் பாவாயிக்குத் திக்கென்றது. பாலை வைத்துவிட்டுப் போகிற செல்வமேரி, குழந்தை குடித்து முடித்த பிறகு சொல்லாமல் வந்து கதவோரம் நிற்கத் தொடங்கினாள். பாவாயி குளிக்கப் போனால், குழந்தையை எங்களிடம் விட்டுவிட்டுப் போ என்றாள். துணிமூட்டையைத் திறந்து பார்த்த மாதிரிகூட இருந்தது.

ஒரு மத்தியானம் டாக்டரம்மா திரையை இழுத்துவிட்டு அவளருகே உட்கார்ந்தார்.

"பாவாயி, என்கிட்ட ஒளிக்காதே. பெத்த மனசு கேக்காதுதான். குழந்தைக்கு மார் குடுக்கறியா?"

பாவாயி நிமிர்ந்து பார்த்தாள். "நானா?" என்றாள்.

"இங்க உன்னைத் தவிர வேற யார் இருக்காங்க?"

செல்வமேரி அவள் மார்பை அமுக்கிப் பார்த்தாள். ஒரு சொட்டு வரவில்லை. வற்றிப் பல மாதமாகிவிட்டது. "அப்ப வெளியில வாங்கிக் குடுத்திருக்கா," என்று செல்வமேரி டாக்டரம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னது பாவாயியின் காதில் விழுந்தது. அவள் ரவிக்கையின் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் அர்த்தநாரி வந்தான். அவனிடமும் சொல்லியிருந்தார்கள். கட்டிலோரம் நின்று, குழந்தையையே பார்த்துக்கொண்டு கேட்டான்: "ஏம்புள்ள, ஒருக்காக்கூடக் குடுக்கலியா?"

"நீங்களுமா கேக்கறீங்க?"

"கோவப்படாத. அழுதா நமக்கே மனசு கேக்கறதில்ல. அதான் கேட்டேன்."

பாவாயி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். செய்யாததைச் செய்யவில்லை என்று எப்படிச் சொன்னால் நம்புவார்கள்? எந்த வார்த்தையைச் சொன்னாலும் அது திருடியின் வார்த்தை மாதிரியே அவள் காதுக்குக் கேட்டது. நான் தட்டித்தான் குடுத்தேன் என்று குப்பாயி சொன்னது ஞாபகம் வந்தது. குப்பாயி அதற்கு மேல் ஏன் பேசவில்லை என்று அவளுக்கு இப்போது விளங்கியது.

மறுநாள் காலை செல்வமேரி கடலைப் பாலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பாவாயிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"நல்லாப் பாத்துக்குங்க. நான் என்ன செய்யறனோ எல்லாத்தையும் பாத்துக்குங்க," என்றாள்.

செம்பில் பாலை ஊற்றினாள். பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். ஒரு கரண்டிப் பொடியைப் போட்டு, செல்வமேரியின் கண்ணுக்கு நேரே பிடித்துக் கலக்கினாள்.

"அது என்ன?"

"மருந்துங்க."

"நாங்க குடுத்ததா?"

"இல்லீங்க. எங்கூர்ப் போஸ்ட்மாஸ்டரு குடுத்தது. சளிக்கு. இதப் போட்டாத்தான் குடிக்கறா."

செல்வமேரி செம்பை அவள் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா பாவாயியைக் கூப்பிட்டு அனுப்பினார். பாட்டில் மேசைமேல் இருந்தது. டாக்டரம்மா பொடியில் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்த்தார். "சீனியா இருந்தா இன்னும் இனிக்கும்," என்றார். இரண்டு குழாயில் நீலத் தண்ணீர் எடுத்தார். ஒன்றில் வீட்டுச் சீனியைக் கரைத்து விட்டார், இன்னொன்றில் பொடியைக் கரைத்து விட்டார். இரண்டையும் சூடு காட்டினார். சீனி விட்டது நீலமாகவே இருந்தது. பொடி விட்டது செங்கல்லாக மாறியது.

"ஹோமியோபதிப் பொடியா?"

"ஆமாங்க."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அவங்க மருந்தை ஏத்தறது பால் சர்க்கரையில. பாலைத் திரிய வெச்சு, அந்தத் தண்ணியிலிருந்து எடுக்கிற சர்க்கரை. மத்த குழந்தைங்களுக்கு ஒண்ணும் செய்யாது. உன் குழந்தைக்கு எது ஆகாதோ அதுவேதான் இது. வேளைக்கு ஒரு கரண்டி குடுத்திருக்க."

பாவாயி பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தாள்.

"நான் கேட்டனுங்க. பாலு இருக்குதான்னு கேட்டனுங்க."

"நீ கேட்ட. நான்தான் உன்னைக் கேக்கல. என்ன சாப்பிடறான்னு கேட்டேன், நீ வேற என்ன மருந்து குடுக்கறேன்னு கேக்கத் தோணல. உன்னை வேவு பாக்கச் சொன்னதும் நான்தான்." டாக்டரம்மா அதோடு நிறுத்திக்கொண்டு, பாட்டிலைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தார்.

செய்தி கேட்டுப் போஸ்ட்மாஸ்டர் அருணகிரி அடுத்த பஸ்ஸிலேயே வந்தார். "பேர்ல பால் இருக்கறது தெரியும். மருந்துக் கடையில அந்தப் பேரைச் சொல்லித்தான் வாங்குவேன். அது நெஜமாவே பாலுன்னு ஒருநாளும் எனக்குத் தோணினதில்லம்மா," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாவாயி அவரை ஒன்றும் சொல்லவில்லை.

பொடி நின்ற பிறகு அத்தாயி தேறினாள். வயிறு வற்றியது, நிறம் திரும்பியது. வலது கண்ணில் புகை கலைந்துவிட்டது. இடது கண்ணில் ஒரு புள்ளி தங்கிவிட்டது, பெரியவள் ஆனதும் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. வீட்டுக்கு வந்தார்கள். கடலைப் பாலைப் பொடி இல்லாமல் குடிக்க வைக்க ஒரு வாரம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பிறகு கம்பங்கூழ், ராகிக் களி, கறிச்சாறு என்று ஒவ்வொன்றாகப் பழகினாள். தவழ்ந்தாள். சுவரைப் பிடித்து நின்றாள்.

அத்தனை நாளும் பாவாயி தோட்டத்தின் கீழ்க்கோடிப் பக்கம் போகவில்லை. போக வேண்டும் என்று தினமும் நினைத்தாள். அர்த்தநாரி அண்ணனிடம் நடந்ததைச் சொல்லிவிட்டான் என்று தெரியும். அப்புசாமி ஏர் ஓட்டும்போது தம்பியோடு பேசத் தொடங்கியிருந்தான். குப்பாயி மட்டும் எதிரே வந்தால் வரப்பு மாறிப் போனாள்.

அத்தாயி கையை விட்டுவிட்டு நிற்கப் பழகிய சமயத்தில், ஒரு நாள் காலை, பாவாயி அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு சாளைக்குப் போனாள். குப்பாயி வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எழவில்லை.

"எம்மேலதானுங்கக்கா தப்பு," என்றாள் பாவாயி நின்றபடியே. "என்ற கையாலதான் குடுத்திருக்கறேன். உங்களப் போயி..."

"எல்லாஞ் சொன்னாங்க."

"அந்த ரெண்டுகூட எங்க ரத்தத்துலதான்னு டாக்டரம்மா அப்பவே சொன்னாங்க. நாந்தான் கேக்கல."

குப்பாயி மொச்சையை உரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"நானொண்ணு சொல்றேன். கேட்டுட்டு நீ என்ன வேணா நெனச்சுக்க. நீ சொன்ன அன்னிக்கு நான் குடுக்கல. ஆனா ஒருக்காக் குடுத்திருக்கறேன்."

பாவாயி குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மொதல்ல ஆஸ்பத்திரியில இருந்து வந்த புதுசு. நீ காட்டுக்குச் சோறு கொண்டு போயிருந்த. கத்துறா, கத்துறா, நிறுத்தவே இல்ல. எனக்கு இங்க சொரந்து வழியுது. எடுத்து வெச்சுட்டேன். ரெண்டு வாய் குடிச்சிருப்பா. பொறவு பயந்துட்டுப் புடுங்கிட்டேன். அன்னைக்குப் பூரா எதாச்சும் ஆயிருமோன்னு செத்துச் செத்துப் பொழச்சேன். அதுக்கப்பறம் தொடல. அதான் நீ கேட்டப்ப எனக்கு வாய் வரல."

பாவாயிக்குள் கோபம் குபீரென்று ஏறியது. கூடவே, தான் முழுக்கப் பொய்யாகச் சந்தேகப்படவில்லை என்று ஒரு ஆறுதலும் வந்தது. அந்த ஆறுதலை நினைத்து உடனே வெட்கமும் வந்தது. மூன்றையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். சொல்லாமல் விட்டிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. குப்பாயிக்கும் அது தெரியும். தெரிந்தும் சொல்லியிருக்கிறாள்.

"இப்பவும் பாலு ஊறுதுங்களா?" என்று கேட்டாள்.

"இருக்குது. சின்னவன் இன்னும் குடிக்கறத உடல."

பாவாயி சாளையின் வாசலையும், கட்டுத்தரையில் நின்ற எருமைகளையும், உறியில் தொங்கிய தயிர்ச் சட்டியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அத்தாயியை இடுப்பிலிருந்து இறக்கி, குப்பாயியின் மடியில் உட்கார வைத்தாள்.

"கொஞ்சம் பாத்துக்குங்க. தண்ணி எடுத்தாரேன்."

"நான் எடுத்தாரேன், நீ இரு."

"வேண்டாமுங்கக்கா. நீங்க உக்காருங்க."

திண்ணமாகச் சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு நடந்தாள். சாளைக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில் கிணறு. அங்கிருந்து பார்த்தால் வாசல் தெரியாது. வாளியை உள்ளே விட்டாள். கயிறு நழுவி நழுவி இறங்கியது. அப்போது அத்தாயி அழும் சத்தம் கேட்டது. புது மடி, புது இடம், அழத்தான் செய்வாள். அழுகை கூடியது, வீறிட்டது, பிறகு சட்டென்று நின்றுவிட்டது.

பாவாயியின் கை கயிற்றில் நின்றது. கால்கள் தாமாகவே சாளைப் பக்கம் திரும்பின. ஓடினால் நாலு எட்டில் போய்விடலாம்.

அவள் போகவில்லை. கல்லில் காலை ஊன்றிக்கொண்டு வாளியை மேலே இழுத்தாள். குடத்தில் ஊற்றினாள். குடம் பாதிதான் நிரம்பியது. மறுபடியும் வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள்.